பஞ்சு இருமல் என்று சொன்னார்கள்

1. டிரையர் அணைந்த நாள்

எங்கள் தேயிலை ஃபேக்டரியில் தூள் உலர்த்துகிற டிரையரை அணைத்த அன்று பெண்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பச்சை இலைக்கு விலை விழுந்து, தூளை ஏலத்தில் கேட்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்த காலம் அது. வேலை போகிறதே என்ற பயம் எனக்கும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்தப் பாழாய்ப்போன இருமல் இனி விட்டுவிடும் என்று நினைத்தேன்.

மஞ்சூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நான் சிஃப்டிங் ரூமில் இருந்தவள். காய்ந்த தூளைச் சலித்து ரகம் பிரிக்கிற இடம். சலிக்கும்போது தேயிலை நாரிலிருந்து பழுப்பாக ஒரு தூசி பறக்கும். அதைப் பஞ்சு என்போம். மூக்கில் துணி கட்டினாலும் இமை மயிரில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். அங்கே யார் இருமினாலும் அது பஞ்சு இருமல்தான், வேறு பேரே கிடையாது.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கோயம்புத்தூர்க்காரர். என்னைக் கண்டதுமே சிவப்பு மருந்தை எடுத்துவிடுவார்.

“ஏனுங்க, சிஃப்டிங்ல நிக்கறவங்களுக்கு பஞ்சு இருமல் வராம வேற என்னங்க வரும்? நீங்க வேலைய உட்டீங்கன்னா அதுவும் உங்கள உட்டுரும்.”

வேலை போயிற்று. இருமல் போகவில்லை. நெஞ்சில் தங்கிய பழைய பஞ்சு கரைய நாளாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2. சாக்கு ஒட்டிய சுவர்

எங்களுடையது எஸ்டேட் கொடுத்த லைன் வீடு. வரிசையில் கடைசி, மண்மேட்டை ஒட்டியது. பின்சுவரில் எப்போதும் ஈரம் ஏறும். முன்பெல்லாம் தை பிறப்பதற்குள் எஸ்டேட்டில் சுண்ணாம்பு அடித்து, ஒழுகுகிற தகரத்துக்குத் தார் பூசிக் கொடுப்பார்கள். ஃபேக்டரி மூடுவதற்கு வெகு முன்பே, விலை விழத் தொடங்கியதும் அதெல்லாம் நின்றது. அந்த மழையில் சுவரின் அடியிலிருந்து கறுப்பாகப் பூசணம் ஏறியது. துடைத்தால் போகும், நாலு நாளில் திரும்ப வந்து நிற்கும். மலையில் இதையெல்லாம் யார் நோயென்று நினைத்தார்கள்? சுவர் என்றால் கறுக்கும், செருப்பு என்றால் பூக்கும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். தூள் அடைக்கிற பேப்பர் சாக்குகள், உள்பக்கம் வெள்ளித் தாள் ஒட்டியவை, மூடிய ஃபேக்டரியில் வீணாகக் கிடந்தன. கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். இவர் ஒரு கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

“என்னாங்க இது?”

“சொவத்துல ஒட்டத்தான் புள்ள. தூளையே நமுக்காம வச்சிருக்கிற சாக்கு. ஒன்னய வச்சிருக்காதா?”

மைதாப் பசை காய்ச்சிக் கறுப்பின் மேலேயே ஒட்டினார். மிச்சத்தைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் அடைத்தார். அடுப்பு எரியும்போது வீடே மினுமினுத்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வீட்டுக்காரர்களைத் திட்டினார்கள். எனக்கென்றால் பெருமை பிடிபடவில்லை!

வேலை இல்லாததால் பகலும் அந்த அறைக்குள்தான், ராத்திரியும் அதற்குள்தான். ஆடி முடிவதற்குள் என்னால் படுக்க முடியாமல் போனது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். கண் எரியும், தலை கனக்கும். உப்பை எடுக்கப் போய் எதற்கு வந்தேன் என்று மறந்து நிற்பேன்.

3. டாக்டரம்மா கேட்டது

தங்கச்சி மகள் சடங்குக்காக மேட்டுப்பாளையம் போனேன். பஸ்ஸில் நான் இருமிய இருமலில் பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். தங்கச்சி வீட்டில் சில நாளிலேயே நீட்டிப் படுத்துத் தூங்கினேன். வெயில் ஒத்துக்கொண்டது என்றார்கள். மலைக்குத் திரும்பி, வீட்டுக்குள் போய் அடுப்புப் பற்றவைப்பதற்குள் நெஞ்சை அடைத்தது. என் வீட்டுக்காரர் பயந்துபோய் மறுநாளே குன்னூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

கம்பவுண்டர் சொன்னதையே நான் ஒப்பித்தேன். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஃபேக்டரிதான் மூடியாச்சுங்கறீங்க. அப்புறம் பஞ்சு எங்கிருந்துங்க வருது? எங்க இருந்தா மூச்சு நல்லா வருது, அதச் சொல்லுங்க.”

அதுவரை அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மேட்டுப்பாளையம் என்றேன். பிறகு யோசித்து, வேலை இருந்த காலத்தில் டிரையர் பக்கம் நிற்கும்போதுகூட என்றேன். அந்தச் சூட்டில் மத்தியானத்துக்கு மேல் இருமல் அடங்கும். விடிந்து எழுந்திருக்கும்போதும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் உயிரை எடுக்கும். இரண்டுமே நான் வீட்டுக்குள் இருக்கிற நேரம்.

“ஊட்டுச் செவுத்துல பூசணம் இருக்குதுங்களா?”

“இருந்துச்சுங்க. இப்ப நல்லா மறைச்சு ஒட்டிட்டேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு சாக்கைக் கிழித்தார். பசையைத் தின்று பூசணம் கம்பளி கணக்காகத் தடித்திருந்தது. வாசலில் நின்று நானும் பார்த்தேன்.

“நாந்தான் செஞ்சேனா புள்ள?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

4. சாவி

பூசணம்தான் நெஞ்சைக் கெடுக்கிறது, அந்த வீட்டில் இருக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வேறு வீடு கேட்டு ஆபீசுக்குப் போனோம். காலியாகக் கிடந்தவை இதைவிட மோசம். ரிப்பேர் கேட்டதற்கு, “ஃபேக்டரி ஓடட்டும்மா, பாக்கலாம்” என்றார் துரை, எங்கள் எஸ்டேட் மேனேஜர். வீட்டை விட்டால் எஸ்டேட் ஆள் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் ஃபேக்டரி திறந்தாலும் வேலை கிடையாது. சிலோனிலிருந்து வந்த எங்கள் குடும்பத்துக்கு இந்த மலையில் கிடைத்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதனால் நான் தங்கச்சி வீட்டில் இருப்பது, அவர் மட்டும் லைன் வீட்டில் இருந்து அதைக் காப்பாற்றுவது என்று முடிவானது.

அவர் சாக்கையெல்லாம் பிய்த்து எரித்தார். சொந்தச் செலவில் சுண்ணாம்பும் அடித்தார். மண்மேட்டு ஈரத்தை என்ன செய்ய முடியும்? அடுத்த மழை ஓய்ந்து என்னைப் பார்க்கக் கீழே வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்து உட்கார்ந்து இருமினார். அந்த இருமல் எனக்குத் தெரியாதா?

“பனிதான் புள்ள, ஒண்ணுமில்ல” என்றார்.

சிஃப்டிங் ரூமுக்குள் அந்த மனுஷன் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மறுநாள் அவரைத் தங்கச்சி வீட்டிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் மஞ்சூர் பஸ் ஏறினேன். ஆபீஸ் கிளார்க் சாவியை வாங்கத் தயங்கினார்.

“யோசிச்சுக்கோங்க. குடுத்துட்டா திரும்பக் கெடைக்காதுங்க.”

“ரெண்டு பேரு நெஞ்சையும் குடுத்தாச்சுங்க. இது மட்டும் எதுக்கு?” என்று மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஃபேக்டரி திறந்தது. எங்களைக் கூப்பிடவில்லை. இப்போது இருவருமே பம்ப்பு மருந்து இழுக்கிறோம். ஒருவருடையதை ஒருவர் மாற்றி எடுத்துவிடக் கூடாதென்று அவருடையதில் ஒரு நூல் கட்டியிருக்கிறேன்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எங்களுக்குக் காரணம் தெரியாமல் இருந்தபோது நான் நோயாளியானேன். காரணம் நன்றாகத் தெரிந்த பிறகுதான் அவர் ஆனார். ஒருவருக்கு ஆகாத வீட்டில் இன்னொருவரைக் காவலுக்கு விடாதீர்கள்.