நெர்குய் சொல்லாத பெயர்

ஒன்பது வருஷமாக நெர்குய் 'கல்' என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் அது லேசான காரியமல்ல. கூடாரக் கதவைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடப்பதே அதுதான். ஆனால் அவளுடைய மாமனார் பெயர் சுலூன். சுலூன் என்றால் கல். மருமகளாக வந்தவள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதாரணச் சொல்லையும் சொல்லக்கூடாது. அதனால் கூடாரத்தின் அடிக்கு முட்டுக்கொடுக்க நாலு 'கெட்டி' பொறுக்கி வா என்பாள். குதிரைக் குளம்பில் 'கெட்டி' குத்திவிட்டது என்பாள். 1992 குளிர்காலத்தில் கிழவர் இறந்துபோனார். அதன்பிறகு அவள் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. உயிரோடிருப்பவர் பெயரைச் சொன்னால் அவர் திட்டுவார். இறந்தவர் பெயரைச் சொன்னால் அவர் வந்துவிடுவார்.

பெயர்களுக்குப் பயப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. அவளுக்கு முன் பிறந்த மூன்றும் ஒரு வயசு காணவில்லை. பிள்ளைகளைக் கொண்டுபோவது எதுவோ அது பெயரைக் கேட்டுத்தான் வருகிறது என்று அவள் அப்பா முடிவுகட்டி, நாலாவதாகப் பிறந்தவளுக்கு நெர்குய் என்று வைத்தார். 'பெயரில்லை' என்று அர்த்தம். கூட்டுப்பண்ணை எழுத்தர் சிரிக்காமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அந்த வட்டாரத்தில் அது புதுசல்ல. வந்தது தேடிப் பார்த்து, பெயரில்லாத ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நெர்குயும் நம்பினாள். உயிரோடு இருக்கிறாளே, வேறென்ன சாட்சி?

1985-ல் ஜம்ஸ்ரானைக் கட்டிக்கொண்டு வந்தாள். மூத்த பெண்ணுக்குத் 'தங்கப் பூ' என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்தார்கள். நாற்பது நாள். அடுத்தவனுக்கு 'நீண்ட ஆயுள்'. அவன் முதல் பனி வரைக்கும்கூட இருக்கவில்லை. 1990-ல் மூன்றாவது பிறந்தபோது அவள் யாரையும் கேட்கவில்லை, ஹுன்பிஷ் என்றாள். 'மனிதன் இல்லை.' பையனுக்குப் பெண்பிள்ளை உடுப்புப் போட்டாள், இரட்டைப் பின்னல் போட்டாள், வெளியே தூக்கிப் போகும்போது மூக்கு நுனியில் கரி தடவினாள். விருந்தாளிகளும் முறை தெரிந்து, "அய்ய, என்ன அசிங்கமான குட்டி இது!" என்று காறித் துப்பிக் கொஞ்சினார்கள். ஹுன்பிஷ் பிழைத்தான்.

பிறந்ததையே ஒரு வயசாக எண்ணும் அவர்கள் கணக்கில் ஐந்து வயசானதும், 1994 பிப்ரவரியில் முடியிறக்கினார்கள். நீலத் துணி கட்டிய கத்தரிக்கோல் கைமாறிக் கைமாறி வந்தது; ஆளுக்கு ஒரு கற்றை வெட்டி, ஆளுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். கடைசியில் ஜம்ஸ்ரான் எழுந்து, "இன்னையிலேர்ந்து இவன் பேரு சுலூன். எங்கப்பா பேரு," என்றான்.

நெர்குய் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பெரியவர் பேருங்க. பிள்ளைக்குக் கனம். தாங்குவானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மனுஷனே இல்லேன்னு சொல்லி இத்தனை வருஷம் வளர்த்தாச்சு. இனி பள்ளிக்கூடத்துல பசங்க சும்மா விடுவாங்களா? எங்கப்பா பேரு மண்ணோட போகக்கூடாது, அவ்வளவுதான்."

பக்கத்து முகாம் துல்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அடியே நெர்குய், இனிமே இவனைச் சாப்பிட எப்படிடி கூப்பிடுவே? 'ஏ கெட்டி, வாடா'ன்னா?"

கூடாரமே சிரித்தது. "மகனேன்னு கூப்பிட்டா வரமாட்டானா அக்கா?" என்று சொல்லி அவளும் சிரித்து வைத்தாள்.

ஆனால் விருந்து முடிந்ததும் பையனைக் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். மொட்டைத் தலையும் ஆண்பிள்ளை உடுப்புமாக அவன் ஊரறிய நிற்கிறான். இத்தனை வருஷமாக ஏமாந்த அது இனி ஏமாறுமா?

"இங்க பாரு. வெட்டவெளியில யாராவது ஹுன்பிஷ்னு கூப்பிட்டா வாயைத் திறக்காதே. மகனேன்னாலும் திறக்காதே. புதுப் பேரு அதுக்கு இன்னும் தெரியாது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் நம்ம ஆளு."

"நீ கூப்பிட்டா?"

"என் குரல்ல கூப்பிட்டாலும்தான். அது எந்தக் குரல்ல வேணும்னாலும் பேசும்."

பையன் தலையாட்டினான். சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிற பிள்ளை அவன்.

ஏப்ரல் பதினேழாம் தேதி ஜம்ஸ்ரான் மோட்டார் சைக்கிளில் மாவு வாங்க ஊர் மையத்துக்குப் போயிருந்தான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பையன் ஆட்டுக்குட்டிகளை ஓட்டிக்கொண்டு கூப்பிடு தூரத்தில்தான் நின்றான். நெர்குய் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மஞ்சளாவதைப் பார்த்து வெளியே வந்தவள் வடமேற்கில் வானத்துக்கும் தரைக்குமாக ஒரு பழுப்புச் சுவர் நகர்ந்து வருவதைக் கண்டாள். பையன் நின்ற பக்கம் ஓடினாள். பாதி தூரம் போவதற்குள் சுவர் அவள்மேல் விழுந்தது.

தன் கையே தெரியவில்லை. தட்டுத்தடுமாறித் திரும்பி, ஒட்டக மயிர்க் கயிற்றைக் கூடாரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு மறுபடி போனாள்.

"ஹுன்பிஷ்! ஹுன்பிஷே!"

மணல் வாய்க்குள் போனது. காற்று அடங்கி எழும் சின்ன இடைவெளிகளில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றுமில்லை. "மகனே! என் குட்டி! அம்மாடா!" ஒன்றுமில்லை. கயிறு தீர்ந்து இடுப்பை இழுத்தது. அப்போது கிட்டத்தில், ரொம்பக் கிட்டத்தில், ஓர் ஆட்டுக்குட்டி கத்தியது.

குட்டி இருந்தால் பையன் இருக்க வேண்டும். இருந்தால் ஏன் பேசவில்லை? மண்ணில் புதைந்துவிட்டானா? பேச முடியாமல் கிடக்கிறானா?

இன்னொரு முறை, "ஹுன்பிஷ்!" என்று கத்த வாயெடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் பேசமாட்டான். அவள்தானே சொன்னாள். அங்கே எங்கேயோ பத்தடி தூரத்தில் படுத்துக்கொண்டு, அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டு, பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறான். அவள் கத்தக் கத்த இன்னும் உள்ளே போய் ஒளிவான்.

அந்தப் பெயரைச் சொல்லப் போனாள். நாக்கு எழவில்லை. காற்று இரைகிற இந்த வெட்டவெளியில் இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் வருவார்? கிழவர் கெட்டவரல்ல. ஆனால் தனியாகப் போனவர். பேரன்மேல் உயிரையே வைத்திருந்தவர்.

குட்டி மறுபடி கத்தியது. இந்த முறை குரல் தேய்ந்திருந்தது.

"சுலூன்," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. "சுலூன்!"

யாரோ இருமினார்கள். நெஞ்சுச் சளியோடு, வயசான ஆள் இருமுகிற இருமல். நெர்குய்க்கு ஓடவேண்டும்போல இருந்தது. ஓடாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து கத்தினாள்.

"சுலூன்! சுலூன்! வந்திருக்கிறது நீங்களா இருந்தா அவனை விட்டுடுங்க! சுலூன்!"

"அம்மா!"

வலது பக்கம், கீழேயிருந்து. இடுப்புக் கயிற்றைக் கழற்றி அதன் நுனியை விரலில் மாட்டிக்கொண்டு, உடம்பை நீட்டித் தரையில் துழாவினாள். காய்ந்த ஓடையின் விளிம்பு தட்டுப்பட்டது. உள்ளே ஆறேழு குட்டிகளுக்கு நடுவில், மார்புச் சளி பிடித்த ஒரு கிழட்டுத் தாயாட்டைக் கட்டிக்கொண்டு பையன் சுருண்டிருந்தான். ஆடு மறுபடி இருமியது. அவள் பையனின் காலரைப் பிடித்து மேலே இழுத்தாள்.

கயிற்றைப் பிடித்துத் திரும்பும்போது அவன் வாயை அவள் காதில் வைத்தான்.

"அம்மா, முன்னாடி ஒண்ணு வந்துச்சு. உன் குரல்லயே பழைய பேரைச் சொல்லி அழுதுச்சு. நான் வாயே திறக்கலை."

நெர்குய் நடந்துகொண்டே இருந்தாள்.

"நல்ல பிள்ளை," என்றாள்.

அப்படி அழைத்தது தான்தான் என்று அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதை அவன் நம்பியிருப்பானா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. கூடாரத்துக்குள் போய்க் கதவை இழுத்துக் கட்டி, அவன் கண்ணிலிருந்த மணலைப் பாலால் கழுவினாள். அடுப்பில் தூபம் போட்டு, கிழவர் உட்காரும் இடத்தில் ஒரு கிண்ணம் தேநீர் வைத்து மன்னிப்புக் கேட்டாள். இரவு முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

காற்று மறுநாளும் அடித்தது. மூன்றாம் நாள் ஜம்ஸ்ரான் இரண்டு மூட்டை மாவோடு வந்து சேர்ந்தான். ஓடையில் மூன்று குட்டிகள் செத்திருந்தன. கிழட்டு ஆடு பிழைத்துக்கொண்டது. இருபத்திரண்டாம் தேதி கூடாரத்தைப் பிரித்து ஒட்டகத்தில் ஏற்றி, புல் முளைக்கத் தொடங்கியிருந்த வடக்குப் பக்கத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.