என் மகள் கைகாட்டிய ஞானத்தாய்

பிள்ளைகள் நெற்றியில் எண்ணெய் பூசி வேதத்தில் உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதலைக் கொடுக்க ஆயர், அதாவது பிஷப், வருகிறார் என்று பூசையில் அறிவித்த அன்றே, என் மூத்த மகளுக்கு யார் ஞானத்தாயாக நிற்பது என்கிற பேச்சு ராயபுரத்தில் எங்கள் தெருவில் தொடங்கிவிட்டது. மற்றப் பிள்ளைகளுக்கு இது பெரிய கேள்வி இல்லை. சித்தியோ பெரியம்மாவோ பின்னால் நின்று தோளில் கை வைப்பார், விருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். என் மகளுக்கு அது போதாது. சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் கண்டு அவளுடைய வலது கால் சூம்பிப்போனது. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாள். அவள் வளர வளர அந்த பூட்ஸ் சிறிதாகிவிடும். பெரியாஸ்பத்திரிக்கு அலைய வேண்டும், பள்ளிக்கூடத்தில் பேச வேண்டும். எனக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை. என் மனைவிக்கு இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. ஞானத்தாய் என்று வருகிறவள் இதற்கெல்லாம் எங்களோடு நடக்கிறவளாக, பிள்ளைக்காகப் பேசுகிறவளாக இருக்க வேண்டும் என்று நினைத்தோம். சர்வேசுரன் முன்னால் ஏற்றுக்கொள்கிற உறவு அது. அதை ஒரு விருந்தோடு முடித்துவிட எனக்கு மனமில்லை.

அந்த வருஷம் ஒரு நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அவள் படித்த கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரைதான் கீழே. எட்டாம் வகுப்பு மாடியில். படி செங்குத்து, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஏழோடு நிறுத்தித் தையல் கற்றுக்கொள்ளட்டும் என்று தலைமைச் சிஸ்டர் சொல்லி அனுப்பிவிட்டார். என் மகளுக்கோ படிப்பில்தான் உயிர்.

அப்போதுதான் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் சபையின் தலைவருடைய மனைவி வீடு தேடி வந்தார். கல்மண்டபம் பக்கம் மாடி வீட்டுக்காரர். நல்ல மனுஷிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"நானே இவளுக்கு ஞானத்தாயா நிக்கறேன். ஆஸ்பத்திரியில எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. இவ கால் சரியாகணும்னு இவ பேர்ல மாதாவுக்கு வெள்ளிக் கால் நேர்ந்துக்கிட்டேன். தையல் இல்லத்துலயும் சொல்லி வெச்சாச்சு. ஆயர் வர்ற அன்னிக்கு இவளால முழங்கால் போட முடியாதே, ஓரமா நாற்காலி போட்டு உட்கார வெச்சுடலாம்."

எல்லாவற்றையும் என் மனைவியைப் பார்த்தே சொன்னார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள்.

"நான் கால் கேக்கலையேம்மா. எட்டாவது படிக்கணும்னுதான் மாதாகிட்ட தெனமும் கேட்டுகினு இருக்கேன்" என்றாள்.

அந்த அம்மாள் அவள் தலையைத் தடவி, "பாவம், குழந்தை" என்றார்.

நேர்ச்சையை நான் குறை சொல்லவில்லை. நானும் நேர்ந்துகொண்டவன்தான். ஆனால் பிள்ளை ஒன்று கேட்க, அவள் பேரில் வேறொன்றை மாதாவிடம் கேட்க யாருக்கு உரிமை?

"பெரிய எடம். வேணாம்னு சொல்லிட்டா நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்க முடியுமா?" என்றாள் என் மனைவி, அவர் போனதும்.

"ஆயர் எதிர்ல நிக்கப் போறவ இவ. இவளையே கேளு" என்றேன்.

மகள் யோசிக்கவே இல்லை. "மீன் ஏலக்கார அத்தை" என்றாள்.

என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரையில் மீன் ஏலம் கூறும் விதவை அவள். வாய் நிறைய வெற்றிலை, அதற்கு மேல் பேச்சு. படகுக்காரர்களே அவளிடம் அளவாகத்தான் பேசுவார்கள்.

"அந்த வாயா?"

"டோல்கேட்டாண்ட நான் பஸ்ஸு ஏறசொல்ல கண்டக்டரு விசில் ஊதிட்டான்மா. அத்தை கூடையோட பஸ்ஸு முன்னால போய் நின்னுகிச்சு. 'இன்னா நைனா, அவசரமா? அவ ஏறுற வரைக்கும் வண்டி நவுராது, வேணும்னா என் மேல ஏத்திகினு போ'ன்னுச்சு."

"அப்புறம் உன்னைத் தூக்கி ஏத்திச்சா?" என்று கேட்டேன்.

"தூக்கட்டுமான்னு கேட்டுச்சு. வேணாம்னேன். நான் ஏறி முடிக்கிற வரைக்கும் அங்கியே நின்னுகினு இருந்துச்சு."

எனக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலமே கரைக்குப் போனேன்.

"நானா? என் மேல மீன் நாத்தம் அடிக்குமேண்ணே. ஆயரு மூக்கைப் புடிச்சுக்கப் போறாரு" என்று சிரித்தாள் அவள். பள்ளிக்கூடத்து விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "பொண்ணு மேல ஏற முடியலன்னா கிளாஸு கீழ எறங்கட்டும். மத்த பசங்களுக்கெல்லாம் கால் கீதுல்ல?"

விஷயம் பரவியது. பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அவ பூசைக்கு வர்றாளா?"

"முதல் பூசை கண்டுட்டுத்தான் கரைக்குப் போவுது, சாமி. பின்னால தூணாண்ட நிக்கும்."

"வாய் கொஞ்சம் அதிகமாச்சே."

"வாய்க்காகத்தான் சாமி கேக்கறோம்."

அவர் அத்தையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும்படி உபதேசியாரிடம் சொன்னார்.

அந்த நாள் வந்தது. பிள்ளைகள் வரிசையாக முழங்காலில் இருந்தார்கள். ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. என் மகள் அதைத் தாண்டிப் போய், வரிசையில் தன் இடத்தில் நின்றாள். அத்தை பின்னால் நின்று தோளில் கை வைத்தாள். தாங்கிப் பிடிக்கவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். ஆயர் எதிரே முழங்கால் போடாமல் நிற்பது மரியாதையா என்று எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவளுடைய முழங்காலைப் பற்றி அதைப் படைத்தவருக்குத் தெரியும். ஆயர் அவள் நெற்றியில் எண்ணெய் பூசி, மற்றப் பிள்ளைகளுக்குத் தட்டியது போலவே கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

பள்ளி திறந்ததும் நான், என் மனைவி, அத்தை மூவரும் மகளைக் கூட்டிக்கொண்டு தலைமைச் சிஸ்டரைப் பார்க்கப் போனோம். கன்னியர் முன்னால் எனக்கும் என் மனைவிக்கும் வாயே வராது.

"தாய் தகப்பன் பேசட்டும். நீங்க யாரு?" என்று சிஸ்டர் அத்தையைக் கேட்டார்.

"ஞானத்தாய், சிஸ்டர். ஆயர் எதிர்ல தோள்ல கை வெச்சவ. இவ வேதத்துல வளர நீதான் பொறுப்புன்னு எங்கிட்ட சொன்னது நம்ம திருச்சபைதான். எட்டாங்கிளாஸு ஞானோபதேசம் மாடில சொல்லித்தர்றீங்கோ. கீழ கீறவளுக்கு நான் எப்டிக் குடுக்கறது?"

அத்தை தையல் அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"தையல் ரூம்பு கீழதானே கீது? ஊசி மேல ஏறும், சிஸ்டர். நூலும் ஏறும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்கோ. நாங்க இங்கியே நிக்கிறோம்."

நின்றோம். பிள்ளைகள் எங்களைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போனார்கள். என் மனைவி இடுப்புக் குழந்தையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். போய்விடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் சிஸ்டர் வெளியே வந்து, எட்டாம் வகுப்பு கீழே இறங்க இடம் விட்டுத் தையல் மெஷின்களை மாடிக்கு ஏற்ற ஆள் கூப்பிடச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கல்மண்டபத்து அம்மாளின் கணவர், ஏழைகள் சபைத் தலைவர், என்னை வழிமறித்தார்.

"ஒரு பொண்ணுக்காக ஸ்கூலையே தலைகீழா மாத்திட்டீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா எங்க வாசலுக்கு வராதீங்க."

"வரமாட்டோம் சார்" என்றேன். "அடுத்த வருஷம் ஒம்பதாவது. அதுவும் மாடிலதான் கீது. அதுக்கும் அத்தையைக் கூட்டிகினு போறோம்."