கை வைக்காத வைத்தியம்

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் அவசரம். அடுப்பில் வைத்த பாலைக் காயுமுன் இறக்கிவிடுவாள். எதிராளி தொடங்கிய வாக்கியத்தை இவளே முடித்துவைப்பாள். இப்படிப்பட்டவள் பிழைப்புக்குத் தேர்ந்துகொண்டதோ, செத்துப்போனதாகக் கைவிடப்பட்ட செல்போன்களுக்கு உயிர் கொடுக்கும் வேலை. அதற்குப் பொறுமை வேண்டும். கடை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் அது எங்கிருந்தோ வந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் மட்டும் இல்லை.

அன்று அண்ணனும் அண்ணியும் கடைக்கு வந்தார்கள். பக்கவாதத்தில் பேச்சு போனபின் அண்ணன் பேசுவதெல்லாம் ஒரு டேப்லெட் வழியாகத்தான். திரையில் ஒரு வாக்கியத்தைத் தொட்டால் அது வாய்விட்டுச் சொல்லும். அந்த வாக்கியங்களை இடது கையின் ஒற்றை விரலால், மாதக்கணக்கில், அவரே அடித்துச் சேர்த்திருந்தார். இப்போது திரை கறுப்பு. டேப்லெட் புதிதாக வாங்கலாம். வாக்கியங்களை எந்தக் கடையில் வாங்குவது?

"ரெண்டு நாளா சார்ஜிலதான் போட்டு வச்சிருக்கேன்மா," என்றாள் அண்ணி. "நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பாக்குறேன். மூச்சே இல்ல."

"உங்கள யாரு அமுக்கச் சொன்னா அண்ணி? பேட்டரி சுத்தமா வடிஞ்சு கெடக்கு. சொட்டு சொட்டா ஏறுறத அமுக்கி அமுக்கி நீங்களே உறிஞ்சிருக்கீங்க."

"நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

"இங்க வர்ற பாதி போனு நல்லது செஞ்சு வந்ததுதான்."

சார்ஜர் சொருகும் துளையில் அடைத்திருந்த பஞ்சைப் பல்குச்சியால் நோண்டி எடுத்தாள். தன் சார்ஜரைச் சொருகி மேசை நடுவில் வைத்தாள். "இனி யாரும் தொடக்கூடாது."

அண்ணியின் கை தானாக நீண்டது. அவசரம் முறைத்தாள். கை பின்வாங்கியது, பிறகு மறுபடி ஊர்ந்தது. கடைசியில் அண்ணன் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பார்ப்பவர்களுக்கு அது அன்பு என்று தோன்றியிருக்கும். பாதி அன்புதான்.

"ஒருவேளை வரவே இல்லன்னா?"

வராதவையும் உண்டு. அவசரம் அதை அண்ணியிடம் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துத் திரையின் நடுவே பேட்டரிப் படம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அண்ணி பாதி எழுந்துவிட்டாள். அவசரம் அப்போதும் பட்டனைத் தொடவில்லை. படம் கொஞ்சம் நிறையட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு ஒரே ஒருமுறை அமுக்கி அண்ணனிடம் நீட்டினாள்.

வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. அண்ணன் 'தண்ணி வேணும்'-ஐத் தாண்டினார், 'வலிக்குது'-ஐத் தாண்டினார், நிதானமாக ஒன்றைத் தொட்டார்.

"நீ கொஞ்சம் சும்மா இருடி," என்றது டேப்லெட், செய்தி வாசிப்பவர் குரலில்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."