பரிவட்டத்துக்குச் சட்டை கழற்றணுமே!

மனைவியின் கிட்னி என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்ணாக மாற்றுகிறது என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். இந்தப் புத்திசாலிதான் வாராவாரம் உங்களுக்கு எழுதுகிறான்!

செல்வி தன் கிட்னிகளில் ஒன்றை எனக்குக் கொடுத்தவள். அதை என் உடம்பு விரட்டிவிடாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது… போன மாசி வரை. ஒருநாள் குளித்துவிட்டுத் துவட்டினால் — மார்பு இரண்டும் வீங்கியிருக்கிறது. தொட்டால் வலி.

நானோ வலங்கைமான் பக்கத்து வயல்காட்டு ஆள். எந்த நெல்லின் நாற்றை நடுகிறோமோ, அதுதானே விளையும்? அப்படியானால் பெண்ணின் கிட்னியை நட்டால்…?

போதாக்குறைக்கு, பங்குனியில் ஊர்க்கோயில் திருவிழா. இந்த வருஷம் எனக்குத்தான் பரிவட்டம். சாமி முன்னால் தலையில் பட்டுத்துணி கட்டுகிற மரியாதை. சட்டையைக் கழற்றாமல் கட்ட மாட்டார்கள். ஊரே பார்க்கும்!

மாத்திரையை நிறுத்தினால் கிட்னியின் கொட்டம் அடங்கும், மார்பும் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். காலை மாத்திரைகளைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் விழுங்கினேன்.

"வாயைத் திறங்க."

"முழுங்கிட்டேன் செல்வி."

"அப்புறம் ஏன் கன்னம் துருத்திக்கிட்டு நிக்குது? திறங்கன்னா!"

விழுங்கினேன். அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கொல்லையில் நின்ற கொக்கு பறந்துபோனது.

"ஏங்க, என் கிட்னி வேலைன்னா மொதல்ல புத்திதானே வந்திருக்கணும்?"

சட்டென்று சிரிப்பு நின்றது.

"உங்க நெஞ்சு எப்படி இருந்தா எனக்கென்ன? நான் குடுத்ததைக் கொன்னுடாதீங்க."

அன்றைக்கே தஞ்சாவூர். டாக்டர் தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கிட்னியில ஆம்பளை, பொம்பளை எல்லாம் கிடையாது சார். நீங்க சாப்பிடுற மருந்துல ஒண்ணு ஹார்மோனைக் கலைச்சிருக்கு. நிறைய ஆம்பளைங்க வெட்கப்பட்டு இதை வெளியில சொல்றதில்ல. சொன்னா மருந்தை மாத்திடலாம். நீங்களா நிறுத்தினா கிட்னி போயிடும்."

வெட்கமாம்! வயிற்றைக் கிழித்துக் கிட்னி கொடுக்க அவள் ஒரு நிமிஷம் தயங்கவில்லை… நெஞ்சைக் காட்ட நான் நெளிகிறேன்!

திருவிழா வந்துவிட்டது. வீக்கம் போகவில்லை. கழற்றினேன் சட்டையை. பங்காளி ஒருவன் குறுகுறுவென்று பார்த்தான்.

"என்னண்ணே, நெஞ்சு இப்படி…?"

"மருந்துடா. உள்ளே உங்க அண்ணியோட கிட்னி ஓடிக்கிட்டிருக்கு. அதுக்குக் காவல்."

பெண்கள் பக்கம் நின்ற செல்வியைப் பார்த்தேன். நெஞ்சு தானாக இன்னும் நிமிர்ந்தது.

மாற்றிக் கொடுத்த மருந்தில், ஆடிக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. கிட்னி நன்றாக வேலை செய்கிறது.