சுலைகா வீட்டு அம்பாசிடர்

மண்டபத்துக்குச் சற்றுத் தள்ளி, கடலோரம் இருக்கிற ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் மோட்டார் பார்ப்பது மாரீஸ்வரனின் வேலை. கடல் தண்ணீரை இழுத்துத் தொட்டிகளுக்கு அனுப்பும் மோட்டார்கள். உப்புக்காற்றில் அவை துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். சுரண்டி ரெட் ஆக்சைடு அடிப்பார். அடுத்த மழைக்குள் பெயின்ட் கொப்புளம் விடும். மறுபடி சுரண்டுவார். சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே மிளகாய்க் காட்டை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். இவருக்குப் பண்ணைக்குள்ளேயே ஒரு அறையும் சின்னச் சமையல்கட்டும் கொடுத்திருந்தார்கள்.

முன்பு அந்த அறையில் மனைவி மாலதியும் இருந்தாள். மகள் பிரசவத்துக்கென்று திருப்பூர் போனவள். மகளும் மருமகனும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். இதோ அதோ என்று நாள் ஓடி, இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். மாலதி திரும்பவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும்.

"சாப்பிட்டீகளா?"

"ஆச்சு."

"பேசாம இங்கன வந்துருங்களேன்."

"அங்கன வந்து நான் என்ன செய்ய?"

ஒருமுறை போயும் பார்த்தார். ஒற்றை அறை வீடு. பகலெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேத்திக்கென்று வாங்கிப்போன பொம்மைக் காரை அவள் இரண்டு தடவை உருட்டிவிட்டு செல்போனுக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது மாலதி காரை எடுத்து அவர் பையிலேயே வைத்தாள். "இங்கன கிடந்தா மிதிபட்டுப் போகும்."

அந்தக் கார் அறை ஜன்னலில் கொஞ்ச நாள் நின்றது. பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஏதோ உறுத்தியது. ஒரு விடுமுறை நாளில் மீந்த ரெட் ஆக்சைடைத் தீக்குச்சி முனையில் தொட்டு, கதவுக்கு அடியில் லேசாகத் தீற்றினார். உடனே அது எங்கேயோ ஓடிவிட்டு வந்த வண்டி மாதிரி ஆகிவிட்டது.

அப்படித்தான் ஆரம்பித்தது. செல்போனில் தேடினால் வெளிநாட்டுக்காரர்கள் இதையே பெரிய வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள். பேசுவது புரியாவிட்டாலும் அவர்கள் கைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். முதலில் துரு நிறத்தை அடிக்க வேண்டும். காய்ந்ததும் தண்ணீர் தொட்டுப் பொடி உப்பை அங்கங்கே தூவி, அதற்குமேல் வண்டியின் நிறத்தை அடிக்க வேண்டும். பிறகு பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, அந்த இடத்தில் பெயின்ட் பெயர்ந்து துரு எட்டிப் பார்க்கும். இதில் மாரீஸ்வரனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இந்தத் துரு வைத்த இடத்தில் நிற்கும். நாளைக்குப் பரவாது.

பெயின்ட் வாங்குவது ராமநாதபுரத்தில் இமானுவேல் என்பவரின் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில். மாரீஸ்வரன் செய்த ஒரு குட்டி லாரியை அவர் கேட்டு வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். ஒருநாள் பெரியபட்டினத்திலிருந்து சுலைகா என்ற அம்மா, வீட்டில் கிடந்த பழைய ஜாக்கியையும் ஹெட்லைட்டையும் விற்க வந்திருக்கிறார். லாரியைப் பார்த்தவர் மாரீஸ்வரனின் நம்பரைக் கேட்டு வாங்கிப் போனார். சாயங்காலமே போன் வந்தது.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் பேரு பாக்கர். ராம்நாடு டாக்சி ஸ்டாண்டுல அம்பாசிடர் ஓட்டுனாக. மவுத்தாப் போயிட்டாக. வண்டியையும் இரும்புக்குப் போட்டாச்சு. அதைச் சின்னதாச் செஞ்சு தர முடியுமா?"

"போட்டோ இருக்காக்கா?"

ஒரே ஒரு போட்டோ இருந்தது. வண்டியை ஏற்றிப் போகும் முன் மகள் லத்தீபா செல்போனில் எடுத்தது. மாரீஸ்வரன் பொம்மை அம்பாசிடர் ஒன்றை வாங்கிப் பிரித்து, முகப்பை அறுத்துச் சரிசெய்து, சீட்டுகளைப் புதிதாக வெட்டினார். சந்தேகம் வந்தபோதெல்லாம் போன் செய்தார். சாயங்காலம் மஃரிப் தொழுகை முடிந்ததும் கூப்பிடச் சொல்லியிருந்தார் சுலைகா.

"இடது பக்கக் கதவு நெளிஞ்சிருக்கே, அது எப்படிக்கா?"

"உச்சிப்புளிகிட்ட ஒரு கம்பத்துல இடிச்சது."

"டிரைவர் கதவுல செவப்பாக் கறை இருக்கே?"

"வெத்தலை எச்சி தம்பி. ஓட்டிக்கிட்டே துப்புவாக, பாதி வண்டி மேலதான் விழும்." சுலைகா சிரித்தார். மாரீஸ்வரனும் சிரித்தார். தன் சிரிப்புச் சத்தம் அந்த அறைக்குப் புதிதாக இருந்தது.

டேஷ்போர்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், உள்ளே விரித்திருந்த பச்சைத் துணி, பின் சீட்டில் இருந்த கிழிசல் என்று கேள்விகள் தொடர்ந்தன. கடைசியில் எல்லாமே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கேட்டார். பகலில் மோட்டார் பக்கத்தில் நிற்கும்போதே சாயங்காலத்துக்கு ஒரு கேள்வியை யோசித்து வைப்பார்.

வண்டி முடிந்ததும் அட்டைப்பெட்டியில் வைத்து பஸ் ஏறினார். அவர் செய்ததிலேயே சிறந்த வேலை அது. பானெட் ஓரத்தில் பெயின்ட் உரிந்து, மட்கார்டு அரித்து, கூரையில் வேப்பிலைக் கறையும் படிந்து, போட்டோவில் இருந்தபடியே இருந்தது.

சுலைகா பெட்டியைத் திறந்து பார்த்தார். தொடவில்லை.

"சரியில்லையாக்கா?"

"நல்லாச் செஞ்சிருக்கீங்க தம்பி. ஆனா இது அவுக வண்டி இல்ல." குரல் இறங்கியிருந்தது. "அவுக படுத்ததுக்குப் பிறகு கொல்லையில வேப்பமரத்தடியில நின்னுச்சே, அந்த வண்டி. அவுக கை இருக்கிற வரைக்கும் துரு பிடிக்க விட்டிருப்பாகளா? ஸ்டாண்டுக்குப் போறதுக்கு முன்னாடி தெனமும் கழுவுவாக. எச்சில் கறையைக்கூட அன்னன்னைக்கே தொடைச்சிருவாக, கடைசியா ஓட்டுன அன்னைக்கு மட்டும்தான் முடியல. போட்டோ இது ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்க கேட்டதைச் சொன்னேன். உங்கமேல தப்பில்ல."

மாரீஸ்வரனுக்குக் காது சூடானது. இத்தனை நாள் பேசியும், அந்த வண்டி நன்றாக இருந்தபோது எப்படி இருந்தது என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை. "குடுங்க, மாத்திக் கொண்டாரேன்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

இமானுவேல் கடையில் பிரேக் ஆயில் வாங்கினார். அதில் ஊறப்போட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து பெயின்ட் கழன்றுவிடும். துரு, கறை, உரிசல் எல்லாம் குழம்பாகிக் கரைந்ததைப் பார்க்க மனசு என்னவோ செய்தது. இடது கதவுக்கு வந்தபோது போன் செய்தார்.

"அந்த நெளிவை நிமித்திரவாக்கா?"

"வேணாம். அது இருக்கட்டும். அதை இடிச்சது நாந்தான். ஓட்டக் கத்துக்குடுங்கன்னு நச்சரிச்சு, ஒரே ஒரு நாள் ஓட்டுனேன். கடைசி வரைக்கும் அதைத் தட்டி எடுக்க விடல அவுக."

புதுசாக்குவது பழசாக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. துருவில் தப்பு மறைந்துவிடும், அந்த வண்டியின் வெள்ளை நிறத்தில் ஒரு தூசி விழுந்தாலும் தெரியும். கடற்கரையில் காற்று நிற்பதே இல்லை, காற்றில் மணல் இல்லாமலும் இல்லை. ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி சொருகி, தரையில் தண்ணீர் தெளித்து, வேர்த்து ஒழுக ஒழுக அடித்தார். மணல் ஒட்டினால் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தார்.

இரண்டாம் முறை சுலைகா காரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த நெளிந்த கதவை விரலால் தடவினார். பிறகு துப்பட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. லத்தீபா டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டு மாரீஸ்வரன் கிளம்பினார்.

அதன்பின் சாயங்காலம் போன் வரவில்லை. கேட்க ஒன்றும் இல்லாததால் இவரும் செய்யவில்லை. ஒருநாள் தாங்காமல் கூப்பிட்டார்.

"நல்லாருக்கீங்களாக்கா?"

"நல்லாருக்கேன் தம்பி. நீங்க?"

"இருக்கேன். வண்டி நல்லாருக்கா?"

"நல்லாருக்கு தம்பி."

வைத்துவிட்டார்கள். மாரீஸ்வரன் போய்த் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தார். பிரஷ்ஷைத் தொடவே பிடிக்கவில்லை. அப்படியே சில வாரம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலதி வழக்கம்போலச் சாப்பிட்டீகளா என்று கேட்டாள். பதில் சொல்லாமல் அவர் கேட்டார்: "நம்ம கல்யாணத்துக்கு ஒரு கார் வந்துச்சே, என்ன கலர் அது?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான் கேக்கேன்."

"சிமெண்டு கலர். பெட்ரோல் வாடை தாங்காம நான் வாந்தி எடுத்தேன். நீங்க ஒரு வார்த்தை பேசாம ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே வந்தீக."

"என்ன பேசன்னு தெரியல."

"இப்ப மட்டும்?" என்றாள் மாலதி. அதற்குள் பேத்தி எதையோ கொட்டிவிட்டாள் போல. "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று அவள் கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்கக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது, சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை.

"அது சிமெண்டு கலர் இல்லங்க" என்றாள். "யோசிச்சுப் பாத்தேன். கொஞ்சம் நீலம் கலந்த மாதிரி இருக்கும்."