நாலு விரல் அகலம்

தாராவியில் சாயிராவின் தையல் அறைக்கு இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். கீழே கணவர் நாகூர் கனியின் பெல்ட் பட்டறை. மேலே அவளுடைய ஓவர்லாக் மெஷின், வெட்டு மேசை, ஒரு ஸ்டவ். மேலப்பாளையத்தில் பத்தாவதோடு நின்றவள். கல்யாணமாகி வந்த இருபத்து நாலு வருஷத்தில் தைக்காத உருப்படி இல்லை. நடுவில் மூன்று வருஷம் சினிமாவுக்கும் தைத்தாள். அந்த ஆர்டர் மட்டும் அவள் பெயருக்கே வரும்.

சினிமா என்றதும் ஜிகினா பாவாடை என்று நினைத்துவிடக் கூடாது. திரையில் ஒன்றுமே உடுத்தாததுபோல் தெரிகிறவர்கள் உள்ளே உடுத்துகிற தோல்நிற உடுப்பு அது. கடையில் தோல்நிறம் என்று விற்பது வெள்ளைக்காரன் நிறம். நம் ஆட்களுக்குச் சேராது. அதனால் சாயிரா வெள்ளைத் துணியைத் தேயிலைச் சாற்றில் முக்கி, ஆளுக்கு ஏற்ற நிறம் வரும்வரை இரண்டு நாள் காய வைத்துக் காய வைத்து எடுப்பாள்.

போன வருஷம் ஒரு அருவிக் காட்சிக்கு ஆர்டர் வந்தது. ஹீரோவுக்கு ஐந்து உருப்படி, ஹீரோயினுக்கு ஒன்று. ஹீரோவுடையதைச் சன்னலுக்கு வெளியே கொடியில் போட்டதும் நாகூர் கனி எதிர்ப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார்.

"வே ஹனீபு, மேல பாரும்! ஹீரோ ஜட்டி நம்ம வீட்டுக் கொடியிலதான் காயுது!"

ஹீரோயினுடையதைப் போட்டபோது அவர் முகம் மாறிவிட்டது.

"ஏளா, அத உள்ள போடு. நாலு பேரு போற வார எடம்."

"ரெண்டும் ஒரே துணிதான மச்சான்?"

"அது வேற, இது வேற."

ஹீரோயின் மானசா செம்பூர்ப் பெண். நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவள், இருபத்தாறு வயது, முதல் பெரிய படம். ஹீரோவின் அளவு போனில் வந்தது. இவள் தானே ஏணி ஏறி வந்து, இடுப்புப் பட்டி நாலு விரல் இருக்க வேண்டும் என்று தன் விரலை வைத்தே காட்டிவிட்டுப் போனாள்.

"காண்ட்ராக்ட்லயும் எழுதி வாங்கியிருக்கேன் அக்கா. செட்ல முப்பது பேர் நிப்பாங்க."

ஷூட்டிங்கிற்கு முந்தின நாள் மத்தியானம், கம்பெனியின் உடைப் பிரிவு ஆள் சுரேந்திரன் உருப்படிகளை வாங்க வந்தான். ஹீரோவுடையதை எண்ணிப் பைக்குள் போட்டான். மானசாவுடையதை விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இதை ரெண்டு விரலா வெட்டிருங்க அக்கா."

"அந்தப் பிள்ள நாலுன்னுல்லா சொல்லிட்டுப் போச்சு?"

"அவங்க ஆயிரம் சொல்வாங்க. பட்டி கேமராவுல தெரியும். அப்புறம் கம்ப்யூட்டர்ல அழிக்க ஒரு வாரம் உக்காரணும்."

"ஹீரோவுக்கு ஆறு விரல் வச்சிருக்கேன். அது மட்டும் தெரியாதாக்கும்?"

சுரேந்திரன் சிரித்தான். "அரே அக்கா, அவரை இடுப்புக்குக் கீழ யார் காட்டப் போறாங்க? அவருக்கு ஒரு இமேஜ் இருக்கில்ல?"

"இந்தப் பிள்ளைக்கு?"

"இவங்க புதுசு." அவனே கத்திரியை அவள் பக்கம் நகர்த்தினான். "சும்மா வெட்டுங்க. இல்லேன்னா கம்பெனி அடுத்த ஆர்டரை வேற டெய்லருக்குக் குடுத்துரும். அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லாதீங்க."

கீழே சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. நாகூர் கனி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சாயிரா கத்திரியை எடுத்தாள். "ஹீரோவோடதயும் வெளிய எடுங்க தம்பி. ரெண்டு பேருக்கும் ரெண்டு விரலா வெட்டித் தாரேன்."

"மஜாக்கா அக்கா? விளையாடுறீங்களா?"

"அப்ப இதையும் வெட்ட மாட்டேன். உங்க கையில தரவும் மாட்டேன். அளவு குடுத்தவ வந்து வாங்கிக்கிடட்டும்."

அந்த நிறத்தில் ஒரே ராத்திரியில் வேறு யாராலும் துணி தயாரிக்க முடியாது என்பது அவனுக்கும் தெரியும். ஹீரோவின் பையை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். சாயிரா போன் செய்த ஒரு மணி நேரத்தில் மானசா ஆட்டோவில் வந்து, தன்னுடையதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஓம் வாய்தான் ஒனக்கு எமன்," என்றார் நாகூர் கனி. அவர் சொன்னபடியே ஆயிற்று. அந்தக் கம்பெனியிலிருந்து பிறகு ஆர்டர் வரவில்லை. சாயிரா பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கால்சட்டைக்குத் திரும்பினாள்.

ஏழு மாதம் கழித்துப் படம் வந்தது. நாகூர் கனி போனில் அந்தக் காட்சியைத் தேடி எடுத்துக்கொண்டு ஏணி ஏறி வந்தார். அருவியில் ஹீரோவின் தோள் தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது, அதோடு சரி. மானசாவைக் கழுத்திலிருந்து குதிகால் வரைக்கும் கேமரா நிதானமாகப் பார்த்தது. இடுப்பில் ஒரு நூல் இல்லை.

"ஏளா, எங்க ஓன் நாலு விரலு? மல்லுக்கட்டுனியே!"

சாயிரா அவர் முன்னாலேயே மானசாவுக்குப் போன் போட்டாள். "அழிச்சிட்டாங்களேம்மா."

"ஆமா அக்கா, ஒரு வாரம் உக்காந்து அழிச்சாங்களாம். படத்துல எப்படி வரும்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். ஆனா அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி தண்ணியில நின்னேன்ல, அப்போ அது என் இடுப்புல இருந்துச்சு."

"நகரலயே?"

"ஒரு இஞ்ச் நகரலை அக்கா."

"சரிம்மா," என்று சாயிரா போனை வைத்தாள். ஐரோலிப் பள்ளி ஒன்றுக்கு வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு கால்சட்டை போக வேண்டியிருந்தது.