கற்கண்டு ஏற்றிய கடைசிப் பெட்டி

என் மனுசன் சந்திரமௌலீசக் குருக்களுடைய கதையை ரயிலில்தான் தொடங்கவேண்டும். நயினாதீவில் எப்போது ரயில் ஓடியது என்று கேட்பீர்கள். ஓடவேயில்லை. ஊரை விட்டு வெளிக்கிடுவதானால் எங்களுக்குக் கடலில் ஓடுகிற லோஞ்ச் ஒன்றுதான் கதி. ஆனால் எங்கள் வீட்டு முன்னறையில் ரயில் ஓடியது. என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு ஓடியது.

எங்கள் ஒரே மகன் சுதர்சனன் ஜேர்மனியில் இருக்கிறான். சண்டை ஓய்ந்து, சமாதானம் என்று பாதை திறந்து, வெளிநாட்டுச் சனம் வந்துபோகத் தொடங்கிய நேரம், ஊருக்கு வந்த ஒருவரிடம் தகப்பனுக்கென்று ஒரு பெட்டி கொடுத்துவிட்டான். வேட்டி சால்வையாக்கும் என்று ஆசையோடு திறந்தேன். உள்ளே விளையாட்டு ரயில்! எஞ்சின், பெட்டிகள், தண்டவாளம், கரண்டில் ஓட ஒரு சுவிச்சு. இவர் இளந்தாரிக் காலத்தில் ஒரே ஒருக்கால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயிலில் போனவர். அந்தப் பயணத்தைப் பற்றிக் கதைக்காமல் ஒரு பந்தியில் சோறு தின்றதில்லை. கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை அனுப்பிவிட்டான். போகட்டும், இரண்டு நாள் விளையாடிவிட்டு மூடி வைத்துவிடுவார் என்று பேசாமல் இருந்தேன்.

வைத்தாரோ! என் சாப்பாட்டு மேசையை முன்னறைக்கு இழுத்துப் பலகை அடித்துத் தண்டவாளத்தைப் பூட்டினார். ஊரார் லொறிக்கெல்லாம் பூசை செய்கிறவர் தன் ரயிலை விடுவாரோ? எஞ்சினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, சில்லுக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தார். லொறி என்றால் பழத்தை நசித்துக்கொண்டு போகும். இந்த எஞ்சின் பழத்தில் முட்டிக் குப்புற விழுந்தது. நான் சிரித்த சிரிப்புக்கு மனுசன் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. உப்புக்காற்றில் தண்டவாளம் கறுத்தால் விபூதி போட்டுத் தேய்ப்பார். வெள்ளி போல மின்னும். ரயில் வலமாகத்தான் சுற்றவேண்டும், இடமாக ஓடவிட்டால் அபசாரமாம். காலமெல்லாம் பிள்ளையாரைச் சுற்றிய மனுசன் வேறு எப்படி யோசிப்பார்?

நான் அந்தச் சுவிச்சைக் கையாலும் தொட்டதில்லை. "என்ர மேசையைத் தாற அண்டைக்குத் தொடுறன்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழா பத்து நாள். கொடியேற்றத்தன்று இவர் கையில் காப்புக் கட்டுவார். கட்டினால் கொடி இறக்கும்வரை கோயில் வீதியை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. வீடு ஒரு ஒழுங்கை தள்ளித்தான். ஆனாலும் வர முடியாது. ரயில் வந்த முதல் திருவிழாவுக்கு வீடு நிறைய இனசனம், பிள்ளைகுட்டிகள். கொடி இறக்கி வந்து பார்த்தால் எஞ்சின் கிணற்றுவாளிக்குள் கிடந்தது. மனுசன் இழவு வீட்டில் இருப்பதுபோல் இருந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திருவிழாவுக்கு மகன் ஒரு சின்னக் கமரா அனுப்பினான். ஊர்காவற்றுறையிலிருந்து ஒலிபெருக்கி கட்ட வருகிற குருசுமுத்து அதை முன்னறைச் சுவரில் பூட்டினார். ஆள் கத்தோலிக்கர், ஆனால் எங்கள் பிள்ளையாருக்கு வருசா வருசம் அவருடைய ஒலிபெருக்கிதான். வயரைப் பனைகளில் கொழுவிக்கொண்டுபோய், கோயில் மேற்கு வீதியில் குருக்கள் தங்குகிற அறையில் ஒரு பழைய ரீவியில் செருகிவிட்டார். படம் தெரியும், சத்தம் கேட்காது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "ரெயிலுக்குக் காவலோ, எனக்குக் காவலோ?" என்று கேட்டேன்.

"இஞ்சேரும், உமக்கு ஆர் காவல் வைக்கேலும்? அந்த ரீவியே எரிஞ்சுபோம்" என்றார்.

நல்ல கதை!

பகிடி விட்டோமே தவிர, அந்த வருசம் எங்கள் இரண்டுபேர் நெஞ்சிலும் ஒரு பாரம் இருந்தது. மருமகள் சர்மிதாவுக்கு முன்பு இரண்டு தரம் வயிற்றில் தங்கவில்லை. முதல்தரம் உண்டான சேதி கேட்டதும் இவர் மகனிடம் சொல்லி ஒரு சின்ன மஞ்சள் ரயில்பெட்டி எடுப்பித்தார். "பேரப்பிள்ளை வரட்டும், கடைசியில கொழுவுவம்" என்றார். பிள்ளை வரவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி அலுமாரி மேல்தட்டில் வைத்தவர், பிறகு அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. இப்போது மூன்றாவது. சர்மிதாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். காப்புக் கட்டப் போகிற அன்று இவர் வாசல் படலையில் நின்று "சர்மிதா..." என்றார்.

"பிள்ளையார் பார்ப்பார், போங்கோ" என்று அனுப்பினேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மகனுக்குப் பிள்ளை பிறந்தால் எங்களுக்கும் தீட்டு. பிள்ளை தவறினாலும் தீட்டு. சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்து அது தொடங்கும், கோயிலுக்குப் போகக்கூடாது. காப்புக் கட்டினவரைத் தீட்டுத் தொடாது என்று சாத்திரம் சொல்லும்தான். ஆனாலும் எங்கள் ஊரில், கொடி இறக்கும்வரை நல்லதோ கெட்டதோ குருக்கள் காதில் ஒருவரும் போடமாட்டார்கள்.

ஐந்தாம் திருவிழா அன்று தொலைபேசிக் கடைச் சரோஜினிதேவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, மகன் லைனில நிக்கிறார், ஓடியாங்கோ!"

ஓடினேன். "அம்மா, பொம்பிளைப்பிள்ளை. ரெண்டுபேரும் சுகம்" என்றான். அவன் அங்கே அழ, நான் இங்கே அழ, சரோஜினிதேவி என்ன ஏது என்று கேளாமலே கூட நின்று அழுதாள்.

வீட்டுக்கு வந்து தலைமுழுகினேன். கோயிலுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நாள் தவறாமல் மாலை கட்டிக்கொண்டு போகிறவள் வரவில்லையென்றால் இவருக்கு விளங்காதோ? எனக்கு மாதவிலக்கு நின்றும் எத்தனையோ வருசம். ஜேர்மனியிலிருந்து சேதி வந்துவிட்டது என்று உடனே பிடித்துவிடுவார். ஆனால் எந்தச் சேதி? பிறந்தாலும் நான் போகமாட்டேன், தவறினாலும் போகமாட்டேன். முன்பு இரண்டு தரம் பட்ட மனுசன் எதை நினைப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சுத்தப் பொய். ஊர் முழுக்கத் தெரியும், ஒரு வாய் திறக்கவில்லை. வாய் தவறிவிடும் என்று பயந்து, இவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போனார்களாம் பாவிகள். அதைக் கண்டு இவர் இன்னும் பயந்துபோனார்.

ஏழாம் திருவிழா அன்று குருசுமுத்து படலையில் வந்து நின்றார். "அம்மா, ஐயா ரெண்டு நாளாச் சோறு தொடேல்லை. பூசை முடிஞ்சா அறைக்குள்ள போய், நிக்கிற ரெயிலைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். தேர் வருது, ஆள் விழுந்துபோனா என்ன செய்யிறது? நான் சொல்லிவிடட்டோ? நான் வேதக்காரன், எனக்குத் தீட்டில்லைத்தானே?"

"சொல்லுறவருக்கில்லை, கேக்கிறவருக்கெல்லோ!" என்று பாய்ந்தேன். பாய்ந்த கையோடு எனக்கு அழுகை வந்தது. அவர் போய்விட்டார்.

அழுது முடிந்து மூக்கைத் துடைக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. தீட்டு வருவது காது வழியாக. கண் வழியாகவும் வருமென்று சாத்திரத்தில் கிடக்கிறதோ என்னவோ, எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்கவும் இல்லை.

கதிரையில் ஏறி அலுமாரி மேல்தட்டைத் துழாவினேன். மஞ்சள் பெட்டி துணிக்குள் அப்படியே இருந்தது. அதை ரயிலின் கடைசியில் கொழுவுவதற்குள் எனக்கு வேர்த்து வடிந்துவிட்டது. எங்கள் தீவில் பின்னேரம்தான் கரண்ட் விடுவார்கள். அது வந்தது. கோயிலில் பூசை முடிந்து மேளம் ஓய்ந்தது. இப்போது அறைக்குள் வந்திருப்பார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பிள்ளையாரே என்று சுவிச்சைத் திருப்பினேன்.

ஓடியது. அவர் சொன்னபடி வலமாகத்தான் ஓடியது. சாண் ஏற முழம் சறுக்கும் என்பது சரியாய்ப் போயிற்று. கமராவுக்கு நேரே இருக்கிற வளைவில் மஞ்சள் பெட்டி மட்டும் கழன்று கவிழ்ந்தது.

ஐயோ, பிள்ளையாரே! நல்ல சேதி சொல்லப் போய் என்ன சேதி சொல்லிவிட்டேன்! "இல்லை, இல்லை, அப்பிடியில்லை!" என்று கமராவைப் பார்த்துக் கத்தினேன். கத்தியபடி தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். சத்தம் போகாது, தலையாட்டு மட்டும்தான் போகும் என்பது பிறகுதான் உறைத்தது. கவிழ்ந்த பெட்டியும், இல்லையென்று தலையாட்டுகிற பெண்சாதியும்! அதைப் பார்த்து அந்த மனுசன் என்ன பாடுபடுகிறாரோ!

பெட்டியை எடுத்துப் பார்த்தேன். வெறும் பெட்டி, பஞ்சு போல இருந்தது. பாரமில்லாவிட்டால் லோஞ்சே ஆடும், இது கவிழாமல் என்ன செய்யும்? குசினிக்கு ஓடினேன். கையில் அகப்பட்டது கற்கண்டுப் போத்தல். பேத்தி பிறந்ததற்குக் கொடுக்கவென்று வாங்கி வைத்தது. பெட்டி நிறையக் கற்கண்டை அள்ளிப் போட்டேன். ஒரு பிடி எடுத்துக் கமராவுக்கு நேரே நீட்டிக் காட்டினேன், என் வாயிலும் ஒரு கட்டி போட்டேன். இழவு வீட்டில் ஆர் கற்கண்டு தின்பார்கள்? மறுபடி சுவிச்சைத் திருப்பினேன்.

ரயில் வளைவுக்கு வந்தது. மஞ்சள் பெட்டி ஒருக்கால் ஆடியது. விழவில்லை. அடுத்த சுற்றிலும் விழவில்லை.

அப்போது கோயில் மணி அடித்தது.

பூசை நேரமில்லை. மணி அடிக்கிறவர் அளந்துதான் அடிப்பார். இது நிற்காமல் அடித்துக்கொண்டேயிருந்தது. ஒழுங்கையில் சனம் "என்னவாம், என்னவாம்?" என்று ஓடியது. "ஐயர் தானே கயிறைப் பிடிச்சு இழுக்கிறார், விடுறாரில்லை!" என்று யாரோ கத்தினார்கள். நான் கற்கண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். என் ஆயுளில் அவ்வளவு சந்தோசமாக நான் அழுததில்லை.

கொடி இறக்கிக் காப்பு அவிழ்த்து வந்தவர், படலையில் நின்று அயலட்டைக்கெல்லாம் கேட்க, "வீட்டில ஏதும் விசேசமோ?" என்றார். நடிப்பைப் பாருங்கள்!

"பேத்தி பிறந்திருக்கிறா" என்று நானும் சத்தமாகச் சொன்னேன்.

"பேத்தியோ!" என்றார். அது நடிப்பில்லை. ஆணோ பெண்ணோ என்பதை நான் ரயிலில் ஏற்றவில்லையே. நேரே கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாய்த் தலையில் ஊற்றினார். சேதி இப்போதுதான் காதில் விழுந்ததாம். ஈரவேட்டியோடு முன்னறைக்கு வந்து, மஞ்சள் பெட்டிக்குள் கிடந்த கற்கண்டில் ஒரு கட்டியை எடுத்து, எறும்பை ஊதிவிட்டு வாயில் போட்டார்.

"அந்த வளைவில இது கவிண்டு, நீரும் தலையை ஆட்ட, என்ர உயிர் போட்டுது, சிவயோகம்" என்றார். "கற்கண்டைக் கண்டாப் பிறகுதான் திரும்பி வந்தது."

இஞ்சேரும் என்பதைத் தவிர அவர் என்னை அதுவரை வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. சுவிச்சைத் திருப்பினேன், இரண்டுபேரும் நின்று பார்த்தோம்.

மேசையை நான் பிறகு கேட்கவில்லை. நிலத்தில் பாய் போட்டு இருந்துதான் இன்றைக்கும் சாப்பிடுகிறோம்.